எழுதுகிறவர்கள் கூடிப் படிக்க: கடலூர், புதுச்சேரி நண்பர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஜமாவுக்குப் பெயர் கிடையாது. பன்னிரண்டு ஆண்டுகளாக மாதம் ஒருமுறை கூடுகிறோம். ஒரு மாதம் கடலூர் மஞ்சக்குப்பம், மறு மாதம் புதுச்சேரி முத்தியால்பேட்டை. பேனர் கட்டியதில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் யாரும் இல்லை. வீட்டில் கேட்டால் "படிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவோம். ஐம்பதைத் தாண்டிய ஆள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்படிச் சொன்னால் வீட்டில் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அங்கே நடப்பது அதுதான். எழுதி முடித்தும் முடிக்காததுமாக ஒன்றை எடுத்துக்கொண்டு போய், நண்பர்கள் முன்னால் உரக்கப் படிப்போம்.

அச்சான பிறகு பொன்னாடை போர்த்த இந்தப் பக்கத்தில் எத்தனையோ மேடைகள் உண்டு. அச்சுக்குப் போகுமுன் "இது இன்னும் வரலப்பா" என்று சொல்ல ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். அப்படிச் சொன்ன பிறகும் அவன் நண்பனாகவே இருப்பது அதைவிடக் கஷ்டம். அந்த ஆட்களை எப்படிச் சேர்ப்பது, சேர்த்தபின் எப்படிக் கலையாமல் பார்த்துக்கொள்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பாதிக்கு மேல் நாங்கள் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டது.

படி 1: மூன்று பேர் போதும்

முகநூலில் அறிவிப்புப் போட்டு ஆள் சேர்க்காதீர்கள். முதல் கூட்டத்துக்கு முப்பது பேர் வருவார்கள், நாலாவது கூட்டத்துக்கு நீங்களும் இரண்டு காலி நாற்காலியும் இருப்பீர்கள். மூன்று பேரில் தொடங்குங்கள். ஆறேழு பேர் ஆனதும் நிறுத்திக்கொள்ளுங்கள். பத்தைத் தாண்டினால் அது கூட்டமாகிவிடும். கூட்டம் என்றால் மைக் வரும், மைக் வந்தால் வாழ்த்துரை வரும்.

எங்கே தேடுவது? புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைக்குப் போங்கள். சட்டைகளுக்கும் பாத்திரங்களுக்கும் நடுவே பழைய புத்தகங்களைக் குவித்துவைத்திருப்பார்கள். அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடியில் கிடக்கும் புத்தகத்தை உருவிப் பார்க்கிற ஆளிடம் பேச்சுக் கொடுங்கள். ரொமேன் ரோலன் நூலகத்தில் வாரா வாரம் ஒரே மேசையில் உட்காருகிறவரைக் கவனியுங்கள். கடலூரில் எனக்கு முதல் நண்பர் கிடைத்தது ஒரு ஜெராக்ஸ் கடையில். அவர் தன் சிறுகதையைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார், நான் ரேஷன் அட்டையை.

ஆளைப் பிடித்துவிட்டால் ஒரு சின்னச் சோதனை வையுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள். திருப்பித் தருகிறாரா என்பது இரண்டாம்பட்சம். தரும்போது எந்த இடம் பிடிக்கவில்லை என்று சொல்கிறாரா என்று பாருங்கள். "சூப்பர் சார்" என்று மட்டும் சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

எல்லாரும் எழுதுகிறவர்களாக இருக்கக் கூடாது என்பது என் கட்சி. எழுதாமல் படிக்க மட்டும் செய்கிற ஒருவராவது வேண்டும். இதற்குப் புதுச்சேரியிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1908-இல் வெள்ளைக்காரன் கைக்கு எட்டாத பிரெஞ்சு மண் என்று பாரதி இங்கே வந்தார். 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள். பத்து ஆண்டுகள் பாரதியைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தது. இந்தப் பெரிய பெயர்கள்தான் நமக்குச் சட்டென்று நினைவுக்கு வரும். ஆனால் அதே வட்டத்தில் குவளைக் கண்ணன் இருந்தார், மாந்தோப்பு வைத்திருந்த கிருஷ்ணசாமிச் செட்டியார் இருந்தார். குட்டையும் குண்டுமாக இருந்ததால் பாரதி அவருக்கு வைத்த பெயர் வெல்லச்சு. அந்தத் தோப்புதான் நாம் இன்றைக்கும் சொல்லும் குயில் தோப்பு. கவிஞனுக்குக் கவிஞர்கள் மட்டும் போதாது, தோப்பு வைத்திருக்கும் செட்டியாரும் வேண்டும். 1921-இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானை பாரதியைத் தள்ளியபோது உள்ளே பாய்ந்து தூக்கியது ஒரு விமர்சகர் அல்லர், குவளைக் கண்ணன்.

எங்களில் ஒருவர் பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருக்கிறார், ஒருவர் வங்கியில் இருக்கிறார், ஒருவர் அரசுப் பள்ளித் தமிழாசிரியை, ஒருவர் தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். வேலை வேறு வேறாக இருந்தால் பேச்சு புளிக்காது. ஏழு தமிழாசிரியர்கள் சேர்ந்த ஒரு வட்டத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். இரண்டு மணி நேரமும் சந்திப்பிழை பற்றியே பேசினார்கள்.

படி 2: இடம்

புதுச்சேரி என்றதும் கடற்கரைச் சாலை நினைவுக்கு வரும். மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விட மாட்டார்கள், கடல் காற்று வரும், சுண்டல் வரும். எல்லாம் சரிதான். ஆனால் அங்கே கதை படிக்க முடியாது. ஒரு கையால் தாளைப் பிடித்தால் இன்னொரு கையால் வேட்டியைப் பிடிக்க வேண்டியிருக்கும். வார இறுதி என்றால் வெளியூர்க் கூட்டம் நம் நடுவில் நின்று செல்ஃபி எடுக்கும். பாரதி பூங்காவில் மூன்று மாதம் முயன்றோம். ஒவ்வொரு முறையும் கதையின் முக்கியமான இடத்தில் காவலாளி விசில் ஊதினார். நேரு வீதி காபி ஹவுஸில் இருவர் பேசலாம், ஆறு பேர் படிக்க முடியாது. கடலூர் வெள்ளிக் கடற்கரைக்கும் இதே கதைதான். மஞ்சக்குப்பம் மைதானத்தில் எப்போதும் யாராவது கிரிக்கெட் ஆடுவார்கள், இல்லை என்றால் பொருட்காட்சி நடக்கும்.

கடைசியில் வந்து நிற்பது யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடி. தென்னை நிழல் விழுகிற மாடியாக இருந்தால் உத்தமம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் நடந்த வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூடலுக்கு அந்தப் பெயர் வந்ததே வீட்டின் வட்டமான முற்றத்தால்தான். கம்பனைப் பாடி, ரசித்து, சாப்பிட்டுப் பிரிவார்கள். சங்கமாகவோ மன்றமாகவோ பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளாமல் அது தமிழ் ரசனையின் போக்கையே மாற்றியது.

வீட்டில் கூடினால் ஒரு விஷயத்தை முதல் நாளே தீர்த்துக்கொள்ளுங்கள்: டீ யார் போடுவது? முதல் இரண்டு ஆண்டுகள் எங்களுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. தட்டு மேலே வரும், குடிப்போம், காலித் தட்டு கீழே போகும். ஒருநாள் பெண்ணின் உழைப்பைப் பற்றி நான் எழுதிய கவிதையைச் சற்று உருக்கமாகவே படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மா தட்டோடு மாடிப்படியில் நின்று கேட்டார். படித்து முடித்ததும், "நல்லா இருக்குங்க. சர்க்கரை தீந்துபோச்சு, யாராச்சும் போய் வாங்கிட்டு வர்றீங்களா?" என்றார். அன்றைக்கு யாரும் கண்டபடி விமர்சனம் செய்யத் தேவைப்படவில்லை. அடுத்த மாதத்திலிருந்து இரண்டு பெரிய பிளாஸ்க்கில் கடை டீ, நாங்களே காகிதக் கோப்பை, நாங்களே குப்பைப் பை. அந்த வீட்டில் இன்னும் எங்களை விட்டுவைத்திருப்பது அதனால்தான்.

படி 3: நாளும் நேரமும்

இரண்டாவது ஞாயிறு, பிற்பகல் மூன்று முதல் ஆறு. இதை மாற்றாதீர்கள். "இந்த மாசம் யாருக்கு எப்ப வசதி?" என்று வாட்ஸ்அப்பில் கேட்ட அன்றைக்கே வட்டம் பாதி செத்துவிட்டது. கல்யாணம், காதுகுத்து, மாசி மகம், வடலூர்த் தைப்பூசம் எது வந்தாலும் நாள் நாள்தான். வர முடியாதவர் வராமல் இருக்கட்டும். இரண்டே பேர் வந்தாலும் நடத்துங்கள். இரண்டு பேர் வந்த மாதங்களில்தான் எனக்கு நல்ல திட்டுகள் கிடைத்திருக்கின்றன.

நேரத்தைப் பற்றி ஒரு வெட்கக்கேடு சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் இரவு எட்டு மணிக்குக் கூடினோம். நாலு ஆண்டுகள் ஒரு பெண்கூட வரவில்லை. "நம்ம பக்கத்துல பொம்பளைங்க யாரும் எழுதுறதில்லையோ?" என்று எங்களுக்குள் ஆராய்ச்சி வேறு நடந்தது. தமிழாசிரியை ஒருநாள் தற்செயலாகப் பகல் கூட்டத்துக்கு வந்தபோதுதான் விடை கிடைத்தது. "ராத்திரி பத்து மணிக்குத் தவளக்குப்பத்துல இறங்கி நான் எப்படி சார் வீட்டுக்கு நடப்பேன்?" என்றார். பெண்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். இப்போது எங்களில் மூன்று பேர் பெண்கள். ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு முடிப்போம், கதை பாதியில் நின்றாலும்.

இரண்டு ஊருக்கும் இடையில் இருபத்தைந்து கிலோமீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் அந்த எல்லை லேசுப்பட்டது இல்லை. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதியைக் கடலூர் அருகே பிடித்துக் கடலூர்ச் சிறையில்தான் வைத்தார்கள். இன்றைக்கு எல்லையிலுள்ள முள்ளோடையில் போலீஸ்காரர் பையைத் துழாவுவது பாட்டிலுக்காக. என் பையில் கவிதை இருந்ததைப் பார்த்து ஒருவர் "போங்க சார்" என்று சலித்துக்கொண்டார். ஒரே ஊரில் கூடினால் மற்ற ஊர்க்காரர் ஓராண்டில் களைத்துவிடுவார். அதனால் மாற்றி மாற்றி வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியை நம்பாதீர்கள். கீழே ஒரு அறை கேட்டுவையுங்கள்.

படி 4: படிப்பது, கேட்பது, சொல்வது

இந்த ஒரு படி சரியாக அமைந்தால் மற்றதில் கோட்டை விட்டாலும் பரவாயில்லை.

ஒரு கூட்டத்துக்கு இரண்டு பேர் படித்தால் போதும். ஆளுக்கு 1200 சொல்லுக்கு மிகாமல். நிதானமாகப் படித்தால் பன்னிரண்டு நிமிடம் ஆகும். எல்லார் கையிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும். செல்போனில் பார்த்துக் கேட்பது வேண்டாம், நடுவில் மச்சான் அழைப்பார். எழுதியவரே படிக்க வேண்டும். உரக்கப் படிக்கும்போது எழுதியவர் நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே வாக்கியம் பழுது என்று அர்த்தம். கேட்பவர்கள் பென்சிலால் அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போடுவார்கள். பேனா கூடாது. ஏன் என்று கேட்காதீர்கள், பேனாக் கோடு தீர்ப்பு மாதிரி இருக்கிறது.

முன்னுரை சொல்லவும் தடை. "இது நான் ஊருக்குப் போயிருந்தப்போ தோணினது, இன்னும் முடியல, அவசரத்துல எழுதினேன்" என்று ஆரம்பித்தால், "படிப்பா" என்று சொல்லிவிடுவோம். நாளைக்கு வாசகன் வீட்டுக்கெல்லாம் போய் இதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

படித்து முடித்ததும் இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது. இது முதலில் சங்கடமாக இருக்கும். பழகிவிட்டால் அந்த இரண்டு நிமிடமே ஒரு விமர்சனம். பிறகு வரிசையாக ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், எழுதியவர் கடைசி ஆள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. "நல்லா இருக்கு", "நல்லா இல்ல" என்ற இரண்டு சொற்களுக்கும் தடை. எந்த இடத்தில் கவனம் நழுவியது, எந்த இடம் கண்ணில் நிற்கிறது, எதை நம்ப முடியவில்லை. இந்த மூன்றை மட்டும் சொன்னால் போதும்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். தேவனாம்பட்டினத்தை வைத்து ஒரு கதை எழுதினேன். மகளின் கல்யாணக் கடனை அடைக்க ஒருவர் கொளுத்தும் வெயிலில் விசைப்படகில் கடலுக்குப் போகிறார், மீன்பாடு இல்லாமல் வெறும் ஐஸ் பெட்டியோடு திரும்புகிறார். கத்திரி வெயிலை இரண்டு பத்தி வர்ணித்திருந்தேன். எனக்கே பிடித்த இடம் அது. படித்து முடித்தேன். இரண்டு நிமிடம் அமைதி. மோட்டார் ரிப்பேர் செய்கிற தம்பி தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அண்ணா, இது எந்த மாசத்துல நடக்குது?"

"கத்திரின்னு போட்டிருக்கேனே. மே மாசம்."

"அப்போ விசைப்படகு எப்படிண்ணா கடலுக்குப் போச்சு? தடைக்காலமாச்சே."

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அறுபத்தொரு நாள், கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம். கடலூரில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்த இரண்டு மாதமும் மீன் விலை ஏறியதைத் திட்டிக்கொண்டே வாங்கியவன். கதை எழுதும்போது அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று விதி போட்டவனே வாயைத் திறந்துவிட்டேன்: "கதைக்கு அது அவ்வளவு முக்கியமா தம்பி?"

அவர் கோபப்படவில்லை. "எங்கப்பா இத படிச்சா மூணாவது பக்கத்துல மூடி வச்சுருவாருண்ணா" என்றார்.

வங்கி நண்பர் சமாதானமாக, ஃபைபர் படகு என்று மாற்றிவிடலாமே, அதற்குத் தடை இல்லையே என்றார். ஒரு சொல்லில் பிரச்சினை தீர்ந்திருக்கும். நானும் பென்சிலை எடுத்துவிட்டேன். அப்போது தமிழாசிரியை சொன்னார்: "எதுக்கு மாத்தணும்? கடன்காரன் வாசல்ல நிக்கறான், படகு கரையில நிக்குது, அறுபத்தொரு நாள் அந்த ஆள் என்ன பண்ணுவான்? அத எழுதுங்க." எழுதினேன். வர்ணனை இரண்டு பத்தியும் போயிற்று, கடலே வரவில்லை, ஆள் முழுக்கக் கரையில் உட்கார்ந்து வலை பழுது பார்க்கிறார். நான் எழுதியதில் தேறியது அந்த ஒன்றுதான் என்று வீட்டில்கூடச் சொல்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, தம்பி என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வரியைத் தொட்டார், ஆளைத் தொடவில்லை. "உங்களுக்கு மீனவர் வாழ்க்கை தெரியாது" என்று அவர் ஆரம்பித்திருந்தால் நான் பதிலுக்கு ஒரு மணி நேரம் பேசியிருப்பேன், கதை அப்படியே கிடந்திருக்கும். இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்: பெரிய எழுத்தாளர்களோடு ஒப்பிடுவது. புதுமைப்பித்தன் 1906-இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில், ஜெயகாந்தன் 1934-இல் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். கடலூர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இதைச் சொல்லிப் பெருமைப்படாமல் கலைய மாட்டார்கள். எங்கள் முதல் இரண்டு கூட்டமும் அதிலேயே தீர்ந்தது. பெருமை சரி. ஆனால் படிக்கிற ஒருவரிடம் "ஜேகே இத எப்படி எழுதிருப்பாரு தெரியுமா?" என்று கேட்டால் அவர் அடுத்த மாதம் எதையும் கொண்டுவர மாட்டார்.

சொன்னதை ஏற்பதும் விடுவதும் எழுதியவர் இஷ்டம். "போன மாசம் சொன்னேனே, ஏன் மாத்தல?" என்று கேட்கக் கூடாது. மாடியில் பேசியது மாடியோடு. ஒருவர் கதையில் கண்ட ஓட்டையை இன்னொரு ஊர் நண்பரிடம் சிரித்துச் சொன்னவரை நாங்கள் ஆறு மாதம் கூப்பிடவில்லை. அவ்வளவு கடுமையாக நடந்துகொண்டது அந்த ஒரு முறைதான்.

படி 5: பிரதிகளைப் பத்திரப்படுத்துங்கள்

படித்து முடிந்ததும் பிரதிகளைத் திருப்பி வாங்காதீர்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு கோப்பில் இருக்கட்டும். இதன் அருமை 2024-இல் தெரிந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரில் புகுந்தது. ஆற்றோரம் வீடு உள்ள நண்பருக்கு அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்கப் போயிற்று. நோட்டில் மட்டுமே எழுதுகிறவர், கணினி பக்கமே போகாதவர். டிசம்பர் 8, இரண்டாவது ஞாயிறு, வழக்கம்போல் முத்தியால்பேட்டையில் கூடினோம். யாரும் சொல்லிவைக்கவில்லை, ஆளுக்கொரு கோப்போடு வந்திருந்தோம். பதினொரு கதையில் ஏழு கிடைத்தன, எல்லாவற்றிலும் எங்கள் பென்சில் கோடுகளோடு. மீதி நாலைப் பற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் நீங்க சொன்ன மாதிரி வராததுதான்" என்றார்.

படி 6: காசு, பதிவு, பெயர்

சந்தா வேண்டாம். ஒரு பிஸ்கட் டின் வையுங்கள், வருகிறவர் இஷ்டப்பட்டதைப் போடட்டும், டீக்கும் ஜெராக்ஸுக்கும் சரியாக இருக்கும். கணக்கு எழுத ஆரம்பித்தால் கணக்குக் கேட்க ஒருவர் கிளம்புவார்.

ஏழு பேர் இருந்தால் சங்கமாகப் பதிவு செய்யலாம் என்று யாராவது நிச்சயம் சொல்வார். செய்யலாம்தான். பிறகு ஆண்டுப் பொதுக்குழு, நிர்வாகிகள் தேர்தல், வரவு செலவு அறிக்கை எல்லாம் வரும். படிக்க நேரம் இருக்காது. பெயர் வைப்பதும் இப்படித்தான். பெயர் வைத்தால் லெட்டர்பேட் அடிக்கத் தோன்றும், லெட்டர்பேட் இருந்தால் அமைச்சருக்குக் கடிதம் எழுதத் தோன்றும்.

படி 7: சரக்கு

புதுச்சேரி என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. படிக்கும் மூன்று மணி நேரத்தில் கூடாது. அதற்குப் பின் யார் எங்கே போகிறார்கள் என்பது அவரவர் பாடு. முதல் ஆண்டில் நாங்கள் இந்த விதியைப் போடவில்லை. ஒரு கோப்பை உள்ளே போனதும் எல்லாக் கதையும் உலகத் தரம், இரண்டாவது கோப்பையில் எழுதியவர் அயோக்கியர்.

படி 8: சண்டை வரும்

அரசியலால் சண்டை வரும் என்றுதான் எல்லாரும் பயப்படுவார்கள். எங்கள் அனுபவத்தில் அரசியல் சண்டை டீயோடு ஆறிவிடும். ஆறாதவை மூன்று: விருது, முன்னுரை, கடன். எங்களை ஏறக்குறைய உடைத்தது முன்னுரை. ஒருவர் தன் தொகுப்புக்கு வட்டத்திலேயே ஒருவரிடம் முன்னுரை கேட்டார். அவர் மாடியில் சொல்கிற மாதிரியே குறைகளையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். கேட்டவருக்கு முகம் செத்துவிட்டது. போடவும் முடியவில்லை, போடாமல் இருக்கவும் முடியவில்லை. பதினாலு மாதம் இருவரும் ஒரே பாயின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்தார்கள். அதிலிருந்து, வட்டத்துக்குள் ஒருவருக்கொருவர் முன்னுரை எழுதுவதில்லை, பத்திரிகையில் மதிப்புரை எழுதுவதும் இல்லை. வெளியே யாராவது கேட்டால், "அவர் என் நண்பர்" என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவோம்.

சண்டை போட்டவர்களை உட்காரவைத்துச் சமாதானம் பேச முயலாதீர்கள். கடிதம் எழுதச் சொல்லுங்கள். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் இடைசெவலில் சேர்ந்து வளர்ந்த நண்பர்கள். ஊர் பிரிந்தபின் அந்த நட்பைக் கடிதங்கள் தாங்கின. கி.ரா. 1989-இல் பல்கலைக்கழக வேலையாகப் புதுச்சேரிக்கு வந்து, 2021-இல் மறையும்வரை லாஸ்பேட்டையில்தான் இருந்தார். அவரைப் பார்க்கப் போனவர்கள் எல்லாம் சொல்வது ஒன்றுதான்: பேச்சு, பேச்சு, பேச்சு. நேரில் நன்றாகப் பேசுகிறவர்கள்தான் கடிதமும் நன்றாக எழுதுகிறார்கள் போலிருக்கிறது. எங்கள் முன்னுரைக்காரர்கள் இருவரும் கடைசியில் அஞ்சலட்டையில்தான் சேர்ந்தார்கள்.

படி 9: இளையவர்கள்

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது முப்பது வயதுக்குக் கீழே ஒருவரைச் சேருங்கள். இல்லாவிட்டால் வட்டத்தில் மூட்டுவலி பற்றிய பேச்சு அதிகமாகிவிடும்.

இதிலும் புதுச்சேரிதான் பாடம். கனக சுப்புரத்தினம் பாரதியைவிட எட்டு வயதுக்கு மேல் இளையவர். வேணு நாயக்கர் வீட்டுக் கல்யாணத்தில் பாரதி அங்கேயே உட்கார்ந்திருப்பது தெரியாமல் அவர் பாட்டையே பாடினார். அப்படி ஆரம்பித்த பழக்கம். பிறகு ஒருநாள் நண்பர்கள் கூடியிருந்தபோது, ஒரு பாட்டு எழுது என்றார் பாரதி. எழுதினார். அதை, தன் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறிப்புப் போட்டுச் சுதேசமித்திரனுக்கு அனுப்பிவைத்தார் பாரதி. அந்த இளைஞர் பாரதிதாசன் ஆனார். 1935-இல் தானே ஒரு கவிதை இதழ் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயரிலும் 'ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்' இருந்தது. பிறகு அவரைச் சுற்றி வாணிதாசன், தமிழ்ஒளி, சுரதா என்று இன்னொரு வரிசை.

மூத்தவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: எழுது என்று சொல்வது, எழுதியதை நல்ல இடத்துக்கு அனுப்பிவைப்பது. திருத்தி எழுதிக் கொடுக்கக் கூடாது. உறை வாங்கி முகவரி எழுதிக் கொடுக்கலாம்.

படி 10: புத்தகம் போடுவதானால்

ஐந்து ஆண்டாவது ஆகட்டும். சிற்றிதழ் ஆசை வரும், அடக்குங்கள். தொடர்ந்து வரும் இதழ் என்றால் பெயர் அனுமதி, பதிவு என்று வேலை இருக்கிறது, முக்கியமாக மூன்றாவது இதழுக்கு யாரிடமும் காசு இருக்காது. ஒரே ஒரு தொகுப்பு போட்டுப் பாருங்கள். அச்சகத்தில் பாரக் கணக்கில் பேசுவார்கள். ஒரு பாரம் பதினாறு பக்கம், பத்துப் பாரம் என்றால் 160 பக்கம். 163 பக்கம் வந்தால் மூன்று பக்கத்தை வெட்டுங்கள், இல்லாவிட்டால் பதின்மூன்று வெள்ளைப் பக்கத்துக்கும் சேர்த்துக் காசு. டிடிபி செய்கிறவரிடம் மெய்ப்புப் பார்க்கும் வேலையை விட்டுவிடாதீர்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பாருங்கள், எழுதியவர் கண்ணுக்குப் பிழை தெரியாது. புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குக் கட்டணம் கிடையாது, இணையத்தில் விண்ணப்பித்தால் தருவார்கள், யாராவது அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வெளியானதும் கன்னிமாரா உள்பட நாலு பொது நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954 முதல் சட்டம் இருக்கிறது. பலர் அனுப்புவதில்லை. அனுப்புங்கள். நம் பரணில் இருக்கும் பிரதியைக் கரையான் தின்றாலும் அங்கே ஒன்று இருக்கும்.

200 பிரதிக்கு மேல் அடிக்காதீர்கள். வெளியீட்டு விழா என்று யாராவது ஆரம்பித்தால் இரண்டாவது படியில் சொன்ன மொட்டை மாடியை நினைவூட்டுங்கள்.

படி 11: வராமல் போனவர்கள்

ஒருவர் வருவது நின்றுபோகும். பெரும்பாலும் காரணம் சொல்ல மாட்டார். கடன் இருக்கும், வீட்டில் உடம்பு சரியில்லாமல் இருக்கும், எழுத்து வராமல் போயிருக்கும். எழுத்து வராதவருக்கு எழுதுகிறவர்கள் நடுவில் உட்காருவது பெரிய வேதனை. அவரை, "ஏன் வரல?" என்று கேட்காதீர்கள். குழுவிலிருந்து நீக்கவும் வேண்டாம். அந்த மாதம் படித்ததன் பிரதியை மட்டும் அனுப்பிக்கொண்டே இருங்கள்.

பண்ருட்டி மண்டிக்கார நண்பர் ஓராண்டுக்கு மேல் வரவில்லை. அந்தப் பக்கம் போகிற யாராவது அவர் கல்லாவில் ஒரு பிரதியை வைத்துவிட்டு வருவோம். அவர் தலையாட்டுவார், பலாச்சுளை கொடுப்பார், கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். போன மாதம் நான் போனபோது பழைய பிரதி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். பேருந்தில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில், நான் விட்டுவிட்ட ஒரு 'க்' மட்டும் பென்சிலால் சேர்த்திருந்தது.